நாற்பத்தோராவது கைத்தடி

அத்தியாயம் 3

மகனைக் கண்டுபிடித்தால் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்ற நிபந்தனையோடுதான் அந்த அம்மாள் எங்களிடம் வந்திருந்தாள்.

"எங்க இருக்கான்னு பாருங்க. பெத்தவளைப் பார்க்காம ஏன்டா போனேன்னு கேளுங்க. இஸ்திரி போடுறவளை அம்மான்னு சொல்லிக்க வெக்கமா இருந்துச்சான்னு கேளுங்க. பதிலை மட்டும் எடுத்துட்டு வாங்க. அவன் எனக்கு வேண்டாம்."

எங்கள் துப்பறியும் நிலையம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. முதலாளியை எல்லோரும் சர்வேயர் என்பார்கள். இருபத்திரண்டு வருடம் நிலம் அளந்தவர். வேலையை விட்ட பிறகும் சட்டைப் பையில் அளவு டேப்பை விடவில்லை. மற்றவர்கள் மூஞ்சியைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பார்கள், இவர் டேப்பை நீட்டிப் பார்ப்பார். நான் டைப் அடிக்கச் சேர்ந்தவள். பேச்சுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. அதை இலவசமாகச் செய்வதால் எனக்கு வாயாடி என்று பெயர்.

அம்மாள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது மரவேலை செய்கிற ஊர். எந்தத் தெருவில் நடந்தாலும் காலில் மரத்தூள் ஒட்டும். இங்கிருந்து நாற்பத்தொரு பேர் போருக்குப் போனார்கள். போர் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. திரும்பி வருகிறவர்களுக்கு ஊர் சார்பில் என்ன நினைவுப் பரிசு கொடுக்கலாம் என்று கமிட்டி போட்டு யோசித்து, கைத்தடி என்று முடிவு செய்தார்கள். துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு தடியைக் கொடுப்பது. இரண்டு காலோடு வந்தவனுக்கும் ஒரு தடி, ஒரு காலோடு வந்தவனுக்கும் ஒரு தடி. கமிட்டிக்குச் சமத்துவத்தில் நம்பிக்கை அதிகம்.

கொடுத்த விதம்தான் விசேஷம். எல்லாத் தடிகளும் ஒரே நீளம், நாற்பது அங்குலம். பேர் வாசித்ததும் அவன் மேடையேறி நேராக நிற்க வேண்டும். ஊர்த் தச்சர் அவன் மணிக்கட்டு வரை அளந்து, மிச்சத்தை எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் ரம்பத்தால் அறுப்பார். தடி அவனுக்கு. அறுத்த அடிக்கட்டையில் கமிட்டியின் முத்திரையையும் வரிசை எண்ணையும் சூடு போட்டு அம்மா கையில் கொடுப்பார்கள். அளவு சரியாக வந்து சேர்ந்தது என்பதற்கு வீட்டில் ஒரு அத்தாட்சி.

அந்த நாளில் அம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் ஆபரேஷன். நாலு நாள் கழித்துக் கமிட்டித் தலைவர் பழங்களோடு வந்தார். உங்கள் பையன் வந்துவிட்டான், முகத்தில் சின்னக் காயம், கடைசி ஆளாக மேடையேறித் தடி வாங்கிக்கொண்டான், தலைநகரத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டு அப்படியே வெளிநாட்டு வேலைக்குப் போகிறான், உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லச் சொன்னான் என்றார். அடிக்கட்டையை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு மகனிடமிருந்து ஒரு வரி இல்லை.

*

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வீட்டில் இருந்தோம். மூன்றாவது மாடி, ஒரே அறை. ஒரு பக்கம் கட்டில். மறு பக்கம் இஸ்திரி மேசை, அதைச் சுற்றி அக்கம்பக்கத்துச் சட்டைகள் எல்லாம் ஹேங்கரில் தொங்கின. வீட்டுக்குள் முப்பது பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

வாசல் நிலையின் மேல் கட்டையில் பழைய துணியை மடித்து ஆணி அடித்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். பையன் தினமும் மண்டையை இடித்துக்கொள்வானாம். ஊரில் அவனுக்கு நெட்டை என்றுதான் பெயர். இடித்துக்கொண்டே இருந்தால் புத்தி வரும் என்று பார்த்தேன், வரவில்லை, துணியை அடித்தேன் என்றாள் அம்மாள். சிரிக்காமல் சொன்னாள்.

சர்வேயர் அவனுடைய பழைய பேன்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவன் வேண்டாம் என்று சொன்னவள் அலமாரியைத் திறந்து, மடிப்புக் கலையாத இரண்டு பேன்ட்டுகளை எடுத்துப் போட்டாள். நேற்றுத் தேய்த்ததுபோல் இருந்தன. சர்வேயர் கால் நீளத்தை அளந்தார், என்னிடம் காட்டினார். என்னை அந்தப் பேன்ட்டுக்குள் போட்டால் கழுத்து வரை ஜிப் போட்டுக்கொள்ளலாம். இரண்டிலுமே வலது பின் பாக்கெட்டின் விளிம்பு நைந்து கிடந்தது. இடது பாக்கெட் கடையில் வாங்கியபடியே இருந்தது.

அப்போது தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். குட்டையான ஆள், இடது தோளில் கேன். காலியை எடுத்து, நிரம்பியதை வைத்து, சிந்திய நாலு சொட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார். வாயைத் திறக்கவில்லை. மற்ற மாடிக்காரர்களுக்கெல்லாம் கீழேயே வைத்துவிட்டுப் போவான், என் வயிற்றில் தையல் போட்டது எப்படியோ தெரிந்து எனக்கு மட்டும் மேலே தூக்கிக்கொண்டு வருவான் என்றாள் அம்மாள். பெற்றது கைவிட்டால் எதிரே போகிறவனாவது தூக்குகிறான் என்று ஒரு குத்தலும் சேர்த்துக்கொண்டாள்.

அடிக்கட்டை எங்கே என்று சர்வேயர் கேட்டார்.

அவள் காலால் காட்டினாள். இஸ்திரி மேசையின் ஒரு கால் நீளம் குறைவு. அதற்கு அடிக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தாள். மூன்று வருடமாக மகனின் மரியாதை மேசைக்குக் கீழே கிடக்கிறது. சர்வேயர் முட்டி போட்டு அதை உருவினார். மேசை ஆடாமல் இருக்க என் கைப்பையில் இருந்த வாரப் பத்திரிகையை மடித்து வைத்தார். நான் தொடர்கதையை இன்னும் படிக்கவில்லை. அதை யார் கேட்டார்கள்?

கட்டையைத் திருப்பிப் பார்த்தார். முத்திரை. எண் 41. அளந்து பார்த்தார். மறுபடியும் அளந்தார். இதை இரண்டு நாள் வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

இரண்டாவது மாடிப் படியில் நின்றார்.

"இதோட நீளம் என்ன தெரியுமா? ஒன்பது அங்குலம்."

"ஒரு சாண். அதுக்கென்ன சார்?"

"தடி நாற்பது. அதுல ஒன்பது போச்சுன்னா மிச்சம் முப்பத்தொண்ணு. மணிக்கட்டு தரையில இருந்து முப்பத்தோரு அங்குலம் இருக்கணும்னா ஆள் எவ்வளவு உயரம் இருப்பான்?"

நான் படியில் நேராக நின்று கையைத் தொங்கவிட்டேன். டேப்பை வைத்தார். கிட்டத்தட்ட என் உயரம். என்னை யாரும் நெட்டை என்று கூப்பிட்டதில்லை.

"நெட்டைக்கு வெட்டியிருந்தா மூணு அங்குலக் கட்டைதான் வந்திருக்கும்" என்றார். "மேடையில நின்னது அவன் இல்ல."

மூன்று வருடமாக யாருக்குமே தெரியாமல் போனது எப்படி என்று கேட்டேன். அதற்குப் பதில் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். நீளக் கட்டை வந்தால் பிள்ளை குட்டை என்று இந்த ஊர்ப் பெண்கள் கேலி பேசிச் சிரிப்பார்கள். குட்டைப் பிள்ளையைப் பெற்றவர்கள் கட்டையை அரிசி மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். இந்த அம்மாளோ ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு எவள் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. மகன் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே. பக்கத்தில் இன்னொரு கட்டை இருந்தால்தானே இது நீளமா குட்டையா என்று தெரியும்.

"ஆள் மாறாட்டம் செஞ்சவன் இதை ஏன் சார் அவங்க கையிலேயே கொண்டு வந்து கொடுக்கணும்? அடுப்புல போட்டிருக்கலாமே."

"கட்டை வீட்டுக்குப் போகலைன்னா ஊர் கேக்கும். போச்சுன்னா யாரும் அளக்க மாட்டாங்க. அதுவுமில்லாம, இந்த ஊர்க்காரன் பொய்யைக்கூட முறைப்படிதான் செய்வான்."

*

தச்சரின் பட்டறை ரயில் பாதைக்குப் பின்னால் இருந்தது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நாற்காலிக்குக் கால் கடைந்துகொண்டிருந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டுக் கோபப்பட்டார். தன் அளவில் தவறு இல்லை, நூல் அளவுகூடப் பிசகாது என்றார். அளவு தவறு என்று யாரும் சொல்லவில்லை, அளவு சரியாக இருப்பதுதான் சிக்கல் என்றார் சர்வேயர்.

கடைசி ஆளை அவருக்கு நினைவிருந்தது. மற்றவர்களெல்லாம் ரயிலில் வந்தார்கள், அவன் தனியாக ஆம்புலன்ஸில் வந்ததாகத் தலைவர் மைக்கில் சொன்னார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூக்குக்கு மேலேயும் கீழேயும் கட்டு. உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ளட்டும் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்களாம். நின்றால்தான் அளவு என்று தச்சர் விடவில்லை. எழுந்து நின்றான், கொஞ்சம் கூனினான், அடிபட்டவன் அப்படித்தான் நிற்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அளக்கிற நேரம் மட்டும் தச்சர் முதுகை நிமிர்த்த வைத்தாராம். முகத்தைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டேன்.

"நான் மணிக்கட்டைத்தாம்மா பார்ப்பேன். மூஞ்சியை வச்சு நான் என்ன செய்யறது?"

பிறகு அவர் செய்த காரியத்துக்காக அவருக்கு நானே ஒரு தடி கொடுக்கலாம். சுவரில் சாய்த்திருந்த ஒரு பலகையை எடுத்து வந்தார். தடி உடைந்தால் புதிது செய்து கொடுக்க வேண்டுமே என்று, நாற்பத்தொரு பேருடைய அளவையும் அதன் விளிம்பில் கீறி, பக்கத்தில் எண்ணை எழுதி வைத்திருந்தார். பெரும்பாலான கீறல்கள் வலது விளிம்பில். இடது விளிம்பில் இரண்டே எண்கள்.

ஏன் அப்படி என்று கேட்டேன். தடியின் பிடியில் கட்டைவிரல் பதிய ஒரு பள்ளம் குடைய வேண்டும், இடக்கைக்காரனுக்குப் பள்ளம் மறுபக்கம் வரும், அதனால் அவர்களை இடது விளிம்பில் குறித்தேன் என்றார். மேடையில் ஒவ்வொருவனிடமும் எந்தக் கையில் பிடிப்பாய் என்று கேட்டாராம். நீட்டிய கையைத்தான் அளந்தாராம்.

இடது விளிம்பில் இருந்தவை 17, 41. இரண்டும் ஒரே கீறலில் இருந்தன.

பேன்ட்டின் வலது பாக்கெட் எனக்கு நினைவுக்கு வந்தது. நெட்டை வலக்கைக்காரன். முகத்தை மூடி, குரலை அடக்கி, முதுகையும் வளைத்தவன், கையை நீட்டு என்றதும் தன் கையையே நீட்டியிருக்கிறான்.

"ஒரே ஆள் ரெண்டு தடவை மேடையேறியிருக்கான்" என்றார் சர்வேயர்.

தச்சர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழாம் எண் யார் என்று கேட்டோம். சொன்னார். இப்போது என்ன வேலை செய்கிறான் என்பதையும் சொன்னார். காலையில் அவன் கேன் மாற்றியதை ஒரு கை தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவள் நான்.

*

தண்ணீர் கேன் கிடங்குக்குப் போகிற வழியில் அவன்தான் குற்றவாளி என்று நான் முடிவே செய்துவிட்டேன். நண்பனைக் கொன்றிருப்பான், அல்லது எங்கோ மாட்டிவிட்டிருப்பான், தலைவருக்கும் பங்கு இருக்கும், குற்ற உணர்ச்சியில் தண்ணீர் சுமக்கிறான். கதை கச்சிதமாக இருக்கிறது என்றேன். கச்சிதமாக இருந்தால் அளந்து பார்க்க வேண்டும் என்றார் சர்வேயர்.

நீலக் கேன்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. பின்னால் அவன் தங்குகிற தடுப்பு. பாய், ஒரு ஸ்டவ், சுவரில் ஆணியில் இரண்டு கைத்தடிகள். பக்கத்தில் பக்கத்தில், ஒரே நீளம், இரண்டிலும் பள்ளம் ஒரே பக்கம். ஒன்று கைபட்டுக் கறுத்திருந்தது. மற்றது வார்னிஷ் மின்னியது.

சர்வேயர் அடிக்கட்டையை நீட்டினார். அவன் வாங்கிப் பார்த்தான். மறுக்கவில்லை. எங்களை உட்காரச் சொல்லிக் காலிக் கேன்களைக் கவிழ்த்துப் போட்டான்.

நாற்பத்தொரு பேரையும் நாலு திசைக்கும் பிரித்து அனுப்பினார்களாம். அவன் இருந்த முகாமில் சொந்த ஊர்க்காரன் நெட்டை மட்டும்தான். சண்டை நின்று, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, எல்லோரும் வீட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பதினோராவது நாள் காலை. ஓடையில் இருந்து தண்ணீர் கொண்டு வர வேண்டும்.

"அன்னிக்கு என் முறை. எனக்குக் காய்ச்சல். நான் போறேன், நீ படுன்னு சொல்லி வாளியை எடுத்துட்டுப் போனான். மிதிவெடி. சண்டை முடிஞ்சது அந்த வெடிக்குத் தெரியுமா?"

ரயில் வந்த அன்று காலையில் தலைவர் அவனைத் தனியே கூப்பிட்டாராம். சாவுக் கடிதம் முந்தின நாளே கமிட்டி முகவரிக்கு வந்துவிட்டது. இந்த ஊரில் அப்படிக் கடிதம் வந்தால் இரண்டு பேர் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அம்மாள் வயிற்றைக் கிழித்துப் படுத்திருக்கிறாள், இப்போது சொன்னால் தையல் பிரியும், அவளும் போய்விடுவாள், பேர் வாசிக்காமல் விட்டால் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும் என்றார் தலைவர். ஒரே ஒரு நாள் நில்லு, அவள் எழுந்து உட்கார்ந்ததும் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றார். இவன் தன் தடியை வாங்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனான். கட்டுப் போட்டார்கள்.

நான் யோசித்து வைத்திருந்த கொலைகாரன் அந்த இடத்தில் காணாமல் போனான்.

இரண்டு வாரம் கழித்து, சொல்லிவிட்டீர்களா என்று கேட்கப் போயிருக்கிறான். அதற்குள் கடைவீதி முனையில் நினைவு வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. போனவர்கள் நாற்பத்தொன்று, திரும்பியவர்கள் நாற்பத்தொன்று என்று கல்லில் வெட்டியாகிவிட்டது. வேறு எந்த ஊருக்கும் இந்தப் பெருமை இல்லை என்று பெரிய மனிதர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தலைவர் என்ன சொன்னார்?" என்று கேட்டார் சர்வேயர்.

"கல்லை எப்படிப்பா மாத்தறதுன்னார்."

அம்மாளிடம் தலைவர் என்ன சொல்லி வைத்தார் என்று அவனுக்கு அப்போது தெரியாது. கேன் போடுகிற வேலை கிடைத்து, முதல் தடவை அந்த மாடிக்கு ஏறினபோதுதான் அவள் மகனை வைததைக் காதால் கேட்டான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்று நினைத்தான். நாளைக்கு என்று நினைத்தே மூன்று வருடம் படியேறினான். கடிதம் இன்னும் தலைவரின் மேசை இழுப்பறையில் இருப்பதாகச் சொன்னான்.

"இப்ப வர்றியா?" என்றார் சர்வேயர்.

அவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

*

சர்வேயர் நின்றுகொண்டே சொன்னார். அளவு வாசிப்பதுபோல் வாசித்தார்: எந்தத் தேதி, எந்த இடம், எப்படி, மேடையில் நின்றது யார், நிற்கச் சொன்னது யார். அம்மாள் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. காலர், தோள், கை என்று முறையாக முடித்தாள், பித்தான் போட்டாள், ஹேங்கரில் மாட்டினாள். பிறகு வாசலில் நின்றவனைப் பார்த்தாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"முகாம்ல எல்லார் சட்டையையும் அவன்தாம்மா தேய்ப்பான். சாப்பாட்டுக் கிண்ணத்துல நெருப்பை அள்ளிப் போட்டு, அடியைத் துடைச்சிட்டுத் தேய்ப்பான். பெரிய ஆபீசர் எங்கடா கத்துக்கிட்டேன்னு கேட்டார். எங்கம்மா தொழில் சார்னு சொன்னான். மடிப்பு சரியில்லன்னா எங்களைத் திட்டுவான். எங்கம்மா பார்த்தா செருப்பால அடிப்பாங்கன்னுவான்."

அவள் அதைக் கேட்டாள். அவள் கேட்டனுப்பிய கேள்விக்கு இதுதான் பதில் என்று சர்வேயர் மெதுவாகச் சொன்னார். அவள் அவர் பக்கமே திரும்பவில்லை.

"மேடையில அம்மா பேரையும் சேர்த்து வாசிப்பாங்களாமே. வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்கம்மா."

"கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க. ரொம்ப நேரம்."

"உனக்குத் தட்டினதை விடவா?"

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

அம்மாள் கூடையில் இருந்து அடுத்த சட்டையை எடுத்தாள். உதறினாள். மேசையில் விரித்துத் தண்ணீர் தெளித்தாள். அதற்கு மேல் கை போகவில்லை.

"மூணு வருஷம் அவனைத் திட்டியிருக்கேன். செத்துப் போயிட்டான்னு நினைச்சுக்கறேன்னு கீழ் வீட்டுக்காரிகிட்ட வாய்விட்டுச் சொல்லியிருக்கேன். நீ அன்னிக்கு அந்த மேடையில ஏறாம இருந்திருந்தா நான் அழுதிருப்பேன்ல? இந்நேரம் அழுது முடிச்சிருப்பேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். சுவிட்சை அணைத்து, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மூணு பேரும் கிளம்புங்க. நான் இனிமேதான் ஆரம்பிக்கணும்."